கட்டடத்துக்கும் ஓர் அடங்கல்

(ஊரப்பாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழங்கட்டடங்களைப் பேணுவதற்கு இந்நாளில் தோன்றியுள்ள ஒரு புதிய முறையைப் பற்றி உங்களிடையே சில சொற்கள் கூற விரும்புகின்றோம். முறை புதியதாயினும் அதன் உட்கருத்து உங்கள் கண்ணுக்கும் கைக்கும் பழகியதேயாகும். ஊர்க் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வதில் இடர்ப்பாடு எதுவும் இராது.

முதற்கண் நாம் கூடியிருக்கும் இடத்தை எண்ணிப் பார்ப்போம். தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையில் இருப்புப் பாதையும் பெருஞ்சாலையும் செல்லும் வழியில் ஊரப்பாக்கம் அமைந்திருக்கின்றது. 2019 நவம்பர் 29ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அண்டையிலுள்ள கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30ஆம் நாள் புதிய பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. நன்செய் வீட்டுமனையாகின்றது, வண்டிப்பாதை தார்ச்சாலையாகின்றது. இவ்வளர்ச்சி வேண்டாமென்று சொல்வார் நம்மில் எவருமிலர். ஆனால் வளர்ச்சி வருகின்ற வேகத்தில் எவையெவை மறைந்து போகின்றன என்பதைக் குறித்து வைப்பாரும் மிகச் சிலரே.

இப்பகுதி பழமையில் குறைந்ததன்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று. அதே ஊரின் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை இருக்கின்றது. கிளாம்பாக்கத்தில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள்ள நிலம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இவை பெயர் பெற்றவை. ஆதலின் பதிவும் பெற்றவை. பெயர் பெறாதவையோ நம் ஊர்களில் ஏராளம். ஏரியின் பழைய மதகு, கலிங்குக் கல், சாலையோர மண்டபம், சுமைதாங்கி, குளத்துப் படித்துறை, சிறு கோயிலின் எழுத்துள்ள சுவர் ஆகியவற்றை எந்தப் பதிவேட்டில் காண்போம்?

பதிவில் இருந்தும் மறைந்தவை

பாதுகாக்கப்பட்ட சின்னங்களே காணாமற் போகும் காலம் இது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த 3,693 சின்னங்களுள் 50 சின்னங்கள் இல்லாமற் போயின என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை கூறிற்று. அவற்றுள் 14 நகர வளர்ச்சியில் அழிந்தன. 12 அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கின. எஞ்சிய 24 இருந்த இடமே தெரியவில்லை. 2024ஆம் ஆண்டில் அத்தகைய 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கவும் முற்பட்டனர்.

சட்டத்தின் காவலும் அரசின் முத்திரையும் உடையவற்றுக்கே இந்நிலை நேர்ந்ததென்றால், எந்தப் பட்டியலிலும் ஏறாத ஊர் மண்டபத்தின் நிலை என்னவாகும்? இடிந்தபின் அது எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எத்தனை தூண், எந்தக் கல்லில் என்ன எழுத்து என்று கேட்டால் சொல்வதற்கு ஆளிராது. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

புலப்படமும் அடங்கலும்

இனிப் புதிய முறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘டிஜிட்டல் ட்வின்’ என வழங்கும் இதனை நாம் ‘எண்மிய இரட்டை’ எனலாம். ஒரு கட்டடத்தை அணு அணுவாக அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு கணிப்பொறிக்குள் அதே உருவில் மற்றொன்றை அமைத்தல் இதன் முதற்பகுதி. கட்டடத்தில் நிகழும் மாறுதல்களைத் தொடர்ந்து அந்த உருவில் ஏற்றிக்கொண்டே வருதல் இதன் இரண்டாம் பகுதி. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் இரட்டை எனும் பெயர் பொருந்தும்.

உழவர்களுக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘எப்.எம்.பி.’ என்று நீங்கள் சொல்லும் புலப்படம் நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும். ஒரு முறை அளந்து வரைந்தால் உட்பிரிவு ஏற்படும்வரை அது மாறாது. அடங்கலோ அத்தகையதன்று. இந்தப் பசலியில் இந்த நிலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, நீர் எங்கிருந்து என்று ஆண்டுதோறும் எழுதப்படுவது அது. புலப்படம் மட்டும் இருந்தால் நிலத்தின் வடிவம் தெரியும். நிலத்தின் வாழ்வு தெரியாது. புலப்படமும் அடங்கலும் ஒன்றாய் இணைந்த பதிவு ஒரு கட்டடத்துக்கு இருக்குமானால், அதுவே எண்மிய இரட்டை. இதனை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

அளக்கும் கலை நம் பகுதிக்குப் புதியதும் அன்று. இந்தியா முழுவதையும் முக்கோண முறையில் அளந்த பெரும் பணிக்கு அடிக்கோடு இடப்பட்டது இங்கேதான். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி அளந்த அந்தக் கோட்டின் மேல்தான் இந்நாட்டின் படம் எழுந்தது.

கல்வெட்டுத் துறையினர் எழுத்துள்ள கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை பூசி எடுக்கும் மசிப்படியும் ஒருவகை இரட்டையே. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் கோயிற் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையில் ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. ஊராட்சி உறுப்பினர்களாகிய உங்களுக்கு அச்சுவர் தாய்ச்சுவடி போன்றது. இத்தகைய சுவர்களைப் படியெடுத்து அச்சிட்டமையாலன்றோ ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஊராட்சியின் செய்தி இன்று பள்ளிப் புத்தகத்திலும் இடம்பெறுகின்றது!

எவ்வாறு அளக்கிறார்கள்?

இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, லேசர் ஒளியைக் கொண்டு அளத்தல். முக்காலியின் மேல் வைத்த கருவி சுவரை நோக்கி ஒளியைச் செலுத்தும். அது பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும். கருவி சுழன்று கொண்டே ஒரு நொடியில் பல்லாயிரம் புள்ளிகளை இவ்வாறு அளந்து தள்ளும். பல இடங்களில் வைத்து அளந்த புள்ளிகளை இணைத்தால் கட்டடம் முழுவதும் புள்ளிகளாலேயே உருவாகி நிற்கும். நூலும் ஏணியும் எட்டாத கோபுரத்து மேல்நிலையையும் தரையில் நின்றே அளக்கலாம்.

மற்றொன்று, புகைப்படங்களைக் கொண்டு அளத்தல். ஒரே பொருளைச் சிறிது சிறிதாக இடம் மாறி நின்று நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முன் படத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருத்தல் வேண்டும். ஒரு பொருளை இரு கண்ணால் பார்ப்பதனால் நாம் தூரத்தை அறிவது போலவே, கணிப்பொறி இந்தப் படங்களை ஒப்பிட்டு உருவத்தை வகுத்துக்கொள்ளும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நல்ல கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதும்.

உருவம் அமைந்தபின் அடங்கல் எழுதும் வேலை தொடங்கும். விரிசலின் அகலம், தூணின் சாய்வு, சுவரின் ஈரம், கனரக வண்டிகளால் ஏற்படும் அதிர்வு ஆகியவற்றைக் காட்டும் சிறு கருவிகளைக் கட்டடத்தில் பொருத்துகிறார்கள். அவை தரும் கணக்கு உருவத்தின் உரிய இடத்தில் தானே பதிவாகும். இருப்புப் பாதைக்கும் பெருஞ்சாலைக்கும் அருகிலுள்ள நம் ஊர்க் கட்டடங்களுக்கு அதிர்வின் கணக்கு மிகவும் தேவை.

ஒரு விரிசலை ஒரு முறை பார்த்து எதுவும் சொல்ல இயலாது. கோடையில் களிமண் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதையும் மழையில் மீண்டும் கூடுவதையும் நீங்கள் காண்கிறீர்கள். அத்தகைய நிலத்தின் மேல் நிற்கும் சுவரும் அதனோடு அசையும். கோடையில் விரிந்து மழையில் மூடும் விரிசல் ஒருவகை. ஆண்டுதோறும் விரிந்தே செல்லும் விரிசல் வேறுவகை. முன்னதைக் கண்டு அஞ்சிச் சுவரையே இடித்தல் வீண். பின்னதைக் காணாமல் சுண்ணம் பூசி மறைத்தல் ஆபத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது தொடர்ந்த அளவு ஒன்றே.

பயன் கண்டவர்கள்

நீங்கள் கையாளும் ஊதா நிற 100 ரூபாய்த் தாளின் பின்புறத்தைப் பாருங்கள். குசராத்தின் பாட்டன் நகரிலுள்ள இராணியின் படிக்கிணறு அதில் அச்சிடப்பட்டிருக்கின்றது. நீர் எடுக்கக் கட்டிய கிணறே கலைக்கோயிலாக விளங்கும் அதனை 2011ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு வல்லுநர்கள் லேசர் கருவியால் முழுமையாக அளந்து பதிவு செய்தனர். 2014ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பாரிசு மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டேலன் எனும் கலை வரலாற்றாசிரியர் 2010ஆம் ஆண்டில் லேசர் கருவியால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்தார். கூரையைத் தாங்கிய மரச் சட்டத்தை இரு கட்டடக் கலைஞர்கள் நேரில் அளந்து 2014ஆம் ஆண்டளவில் படங்கள் வரைந்து வைத்தனர். 2019 ஏப்ரல் 15ஆம் நாள் அக்கூரை தீக்கிரையாயிற்று. அளந்து வைத்த இப்பதிவுகள் மீட்பாளர்களுக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பெற்றது. லேசர் கணக்கோடு கையால் வரைந்த படமும் பயன்பட்டதை நீங்கள் கருதவேண்டும்.

வாடிகன் நகரில் புனித பேதுரு பேராலயத்தை 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களால் பதிவு செய்து, அதன் எண்மிய இரட்டையை 2024 நவம்பரில் வெளியிட்டனர். கண்ணுக்கு எட்டாத உயரத்திலுள்ள விரிசல்களையும் உதிர்ந்த வண்ணச் சில்லுகளையும் அப்படங்களிலிருந்து கணிப்பொறி கண்டு காட்டிற்று.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, கற்கூரை சரிந்தது. வெப்பத்தில் வெடித்த கல்லை ஒட்டிச் சேர்க்க முடியாது. பழைய அளவில் புதுத் தூண் செதுக்கி நிறுத்துவதற்குள் ஆண்டுகள் பல கழிந்தன. எந்தக் கட்டடத்துக்கும் இது நேரலாம் என்பதற்கு இதனினும் பெரிய எச்சரிக்கை வேண்டா.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனி களவு போயிற்று. ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் அதனை 50 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டில் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அது எவ்வூர்த் திருமேனி என்பதற்குச் சான்றாயிற்று. 2014 செப்டம்பரில் திருமேனி தாயகம் திரும்பிற்று. அன்று எடுத்த ஒரு படம் இருபது ஆண்டு கழித்து ஊரின் உரிமையை நிலைநாட்டியது.

உழவருக்கு இதனால் என்ன?

“வயலுக்கு நீரில்லை, விளைச்சலுக்கு விலையில்லை, இந்நிலையில் பழங்கல்லை அளப்பதற்கு ஊராட்சிப் பணமா?” என்று உங்களிற் சிலர் மனத்தில் எண்ணலாம். அவ்வெண்ணம் நியாயமானது. ஆதலின் ஏரியிலிருந்தே தொடங்குவோம் என்கின்றோம். செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகளின் நாடு. பழைய மதகும் கலிங்கும் வரலாற்றுச் சின்னங்களே. உங்கள் பயிருக்கு நீர் தருவனவும் அவையே. மதகின் கல் எவ்வளவு நகர்ந்தது, கலிங்கின் மட்டம் எவ்வளவு தாழ்ந்தது, கரையில் எவ்விடத்தில் கசிவு என்று ஆண்டுதோறும் குறித்து வந்தால், உடைப்பு எடுக்கும் முன்னே பழுது பார்க்கலாம். பழமையைப் பேணும் பதிவும் பாசனத்தைப் பேணும் பதிவும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

ஊராட்சி செய்யத்தக்கவை

பெரிய கருவிகள் வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்கக்கூடிய பணிகள் சில உள.

முதலாவது, ஊரிலுள்ள பழங்கட்டடங்களையும் எழுத்துள்ள கற்களையும் புல எண்ணோடு ஒரு பதிவேட்டில் எழுதுக. பள்ளி ஆசிரியரையும் மாணவரையும் இதில் ஈடுபடுத்துக. கிராம சபையில் அதனைப் படித்துத் தீர்மானமாக ஏற்றுக.

இரண்டாவது, ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு இருமுறை, சித்திரை வெயிலிலும் கார்த்திகை மழைக்குப் பின்னும், அதே இடத்தில் நின்று படமெடுக்க. படத்தில் ஓர் அளவுகோலும் நாளும் தெரியவேண்டும். பின்னாளில் வல்லுநர் எண்மிய உருவம் அமைக்கும்போது இப்படங்களே பழைய அடங்கலாக உதவும்.

மூன்றாவது, விரிசல் கண்ட இடத்தில் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் அழுந்தப் பதித்து, நாளைக் குறிக்க. விரிசல் விரிந்தால் கண்ணாடி உடையும். எழுத்துள்ள கல்லிலும் சிற்பத்திலும் இதனைச் செய்யலாகாது. சில ரூபாய்ச் செலவில் பொறியாளர்கள் பன்னெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை இது. உடைந்த நாளையும் ஏட்டில் எழுதினால் அடங்கல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

நான்காவது, திருப்பணிக்கு முன் பதிவு என்பதை ஊர் விதியாக்குக. மணல் வீச்சினால் கல்லைத் தேய்த்தால் எழுத்து மழுங்கும். சுண்ணாம்புக் காரை பூசிய பழஞ்சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். தரையில் பளபளக்கும் ஓடு பதித்தால் அடித்தளத்து எழுத்து புதைந்து போகும். அறநிலையத் துறையைச் சார்ந்த கோயிலாயின் துறையின் இசைவின்றி எதையும் தொடங்கலாகாது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னமாயின், 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். அதன்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மனைப்பிரிவு பற்றிய பேச்சு எழும்போதே இதனை ஊராட்சி எடுத்துரைத்தல் நன்று.

ஐந்தாவது, வல்லுநரை அமர்த்தும்போது ஒப்பந்தத்தை உற்றுப் பார்க்க. அளந்த கணக்கு முழுவதும் ஊராட்சிக்கும் ஒரு படி தரப்படவேண்டும். கண்ணைக் கவரும் சுழலும் படத்தை மட்டும் காட்டி, மூலக் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இணங்கலாகாது. மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறூரில் வைக்க. கணிப்பொறித் தட்டும் ஒருநாள் பழுதாகும். ஆதலின் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் படியெடுத்து வைக்கவேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே தேசிய மையம் ஒன்று இயங்குகின்றது. மாநிலத் தொல்லியல் துறையும் இருக்கின்றது. இவற்றின் அறிவுரையை நாடுவது ஊராட்சிக்கு எளிது.

சில எச்சரிக்கைகள்

வானில் பறந்து படமெடுக்கும் ‘டிரோன்’ கருவி கோபுரத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் நம் பகுதியோ தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் அண்மையில் உள்ளது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி எவ்விடத்தில் பறக்கவிடலாம் என்பதை அரசு வெளியிட்டுள்ள வான்வெளிப் படத்தில் பார்த்து, வேண்டிய அனுமதி பெற்றபின்னரே செயலில் இறங்கவேண்டும்.

விலைமதிப்புள்ள திருமேனிகளின் படங்களையும் அவை வைக்கப்பட்டுள்ள இடத்தையும் யாவரும் காணுமாறு பரப்புதல் கள்வர்க்கு வழி காட்டுவதாகும். அவை பொறுப்புள்ள அலுவலகத்தின் காவலில் இருக்கட்டும்.

யாவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. கணிப்பொறிக்குள் உருவம் இருக்கிறதே, கட்டடம் போனால் என்ன என்று எவரேனும் சொல்லத் துணிவாராயின், அவரை மறுத்துரைக்க வேண்டியது ஊராட்சியின் கடமை. நெல்லின் படம் பசியைத் தீர்க்காது. மண்டபத்தின் படத்தில் மழைக்கு ஒதுங்க இயலாது. இரட்டை இருப்பது மூத்ததைக் காப்பதற்கே. அதற்கு ஈமக்கடன் செய்வதற்கன்று. ஆண்டுதோறும் எழுதாத அடங்கல் எவ்வாறு பயனற்றதோ, அவ்வாறே ஒருமுறை அளந்து பெட்டியில் பூட்டிய உருவமும் பயனற்றது. கருவி வெளியூரிலிருந்து வரலாம். வல்லுநரும் வெளியூரிலிருந்து வரலாம். மழை விட்ட மறுநாள் சென்று மதகைப் பார்ப்பவரும், மண்டபத்துக் கண்ணாடி உடைந்ததா என்று நோக்குபவரும் இவ்வூரிலிருந்தே வரவேண்டும்.

அன்பர்களே! வீட்டுமனைகள் பெருகும் இந்நாளில், பத்து ஆண்டுக்குப் பின் இவ்வூரில் குடியேறுவோர் ‘இங்கே முன்பு என்ன இருந்தது?’ என்று கேட்பார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்குக் கட்டடமும் வேண்டும். அதன் கணக்கும் வேண்டும். அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே பழங்கட்டடப் பதிவேடு ஒன்றைத் திறக்கத் தீர்மானம் நிறைவேற்றுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முதற்பக்கத்தில் ஏரி மதகின் பெயரை எழுதுங்கள். அதன் அளவும், அன்றைய நாளும், பார்த்தவர் கையொப்பமும் இருக்கட்டும். அடுத்த பக்கங்கள் ஆண்டுதோறும் நிரம்பி வருமாக.